கயாக் கொடுத்து ஷாட்கன் வாங்கினால்: ஒரு கைமாற்றின் வரவு செலவு

1963 மார்ச்சில் சிகாகோவின் கிளைன்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் கடைக்கு டல்லாஸிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. பத்திரிகை விளம்பரத்திலிருந்து வெட்டிய கூப்பன், கூடவே 21 டாலர் 45 சென்ட்டுக்கு மணியார்டர். தொலைநோக்கி பொருத்திய இத்தாலிய ராணுவ ரைஃபிளின் விலை 19.95, அனுப்பும் செலவு 1.50. அனுப்பியவர் பெயர் ஏ. ஹைடல். முகவரி ஒரு தபால் பெட்டி எண். அந்தப் பெயர் உண்மையா, அவர் எப்படிப்பட்டவர் என்று விசாரிக்க வேண்டிய கட்டாயம் அன்று கடைக்கு இல்லை. ரைஃபிள் தபாலில் போய்ச் சேர்ந்தது. ஹைடல் என்ற பெயரில் அதை வாங்கியவர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அதே ஆண்டு நவம்பர் 22 அன்று அதிபர் ஜான் கென்னடியின் உயிரைப் பறித்தது அந்த ரைஃபிள்தான்.

சட்டம் மாற ஐந்து ஆண்டுகள் ஆயின. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஜூனில் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அக்டோபர் 22 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரு மாநிலத்தவர் வேறு மாநிலத்தவருக்கு நேரடியாகத் துப்பாக்கி அனுப்பும் வழி அதோடு அடைபட்டது. இடையில் உரிமம் பெற்ற வியாபாரி ஒருவர் இருந்தாக வேண்டும்.

கூப்பன் இருந்த இடத்தில் இன்று இணைய விளம்பரம் இருக்கிறது. மீன்பிடிக் கயாக் தருகிறேன், 12 கேஜ் ஷாட்கன் வேண்டும். கூட்டு வில் இருக்கிறது, மான் வேட்டை ரைஃபிளுக்கு மாற்றிக்கொள்ளலாம். இப்படிப்பட்ட அறிவிப்புகளை அமெரிக்காவில் வேட்டைப் பருவம் நெருங்கும்போது நிறையப் பார்க்கலாம். அந்த நாட்டில் பொதுமக்கள் கையில் 39.3 கோடி துப்பாக்கிகள் இருப்பதாக 2017 நிலவரத்தை வைத்து ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு மதிப்பிட்டது. 100 பேருக்கு 120 என்ற கணக்கு. அவ்வளவு இருக்கும் இடத்தில் பழையவை கைமாறுவது இயல்பு. கைமாற்றுவது குற்றமும் அல்ல. முறையாகச் செய்ய என்ன செலவாகும், முறைதவறினால் என்ன விலை கொடுக்க நேரும் என்று இரண்டு பத்தியாக எழுதிப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. எழுதி முடித்தால் ஒன்று தெளிவாகத் தெரியும்: நேர்மையாகச் செய்வதற்கான செலவுதான் இந்தக் கணக்கிலேயே மிகச் சிறிய எண்.

ரொக்கம் இல்லாவிட்டாலும் சட்டம் உண்டு

பணம் கைமாறவில்லை, பொருளுக்குப் பொருள்தானே, இதற்கெல்லாம் சட்டமா என்று கேட்பவர்கள் உண்டு. 1968 சட்டம் மாநிலம் தாண்டிய கைமாற்றத்தைத் தடுக்கும் இடத்தில் விற்பது, கொடுப்பது, அனுப்புவது ஆகியவற்றோடு பண்டமாற்றையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நீதிமன்றமும் இதைத் தொட்டிருக்கிறது. துப்பாக்கியைக் கொடுத்துப் போதைப்பொருள் வாங்க முயன்ற ஒருவரின் வழக்கில், பண்டமாற்றாகக் கொடுப்பதும் துப்பாக்கியைப் 'பயன்படுத்துவது'தான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1993-இல் 6-க்கு 3 என்று தீர்ப்பளித்தது. கயாக்குக்கும் போதைப்பொருளுக்கும் தொடர்பில்லை. ஆனால் ரொக்கம் இல்லை என்பதால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளாது என்பது அதிலிருந்து தெரிகிறது.

விதி ஒரே மாநிலத்துக்குள் ஒரு மாதிரியும், மாநிலம் தாண்டினால் வேறு மாதிரியும் இருக்கிறது. ஒரே மாநிலத்தில் வாழும் இரு தனிநபர்கள் கைமாற்றிக்கொண்டால், கூட்டாட்சிச் சட்டம் பின்னணிச் சோதனையைக் கட்டாயமாக்கவில்லை. தடை செய்யப்பட்டவர் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ கொடுக்கக் கூடாது, அவ்வளவே. ஆனால் கலிஃபோர்னியா, கொலராடோ, வாஷிங்டன், நியூயார்க் உட்பட ஏறத்தாழ 20 மாநிலங்கள் தனிநபர் கைமாற்றத்துக்கும் ஏதாவது ஒரு சோதனையை வைத்திருக்கின்றன. மாநில எல்லையைத் தாண்டினால் பேச்சுக்கே இடமில்லை: துப்பாக்கி, உரிம வியாபாரி ஒருவர் வழியாகத்தான் பெறுபவர் கைக்கு வர வேண்டும்.

1898 அல்லது அதற்கு முன் செய்த துப்பாக்கிகள் இந்தச் சட்டத்தின் கண்ணில் பழம்பொருள். அவற்றுக்கு இந்த விதி பொருந்தாது. மாநில விதி வேறாக இருக்கலாம் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாதிரிக் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு போடுவோம். பண்டங்களின் விலையும் கடைக் கட்டணமும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. கலிஃபோர்னியா அரசுக் கட்டணங்கள் மட்டும் உள்ளபடியே. ஒருவரிடம் மீன்பிடிக் கயாக், இன்றைய மதிப்பு 500 டாலர். இன்னொருவரிடம் பழைய ரெமிங்டன் 870 பம்ப் ஷாட்கன், மதிப்பு 350. இந்த ரகம் 1950-இல் வந்தது, 1.1 கோடிக்கு மேல் செய்யப்பட்டிருப்பதால் பழைய சந்தையில் விலை கண்டுபிடிப்பது எளிது. துப்பாக்கிக்காரர் மேலே 150 ரொக்கம் போட்டுக் கொடுத்தால் கணக்கு சமன்.

ஒரே மாநிலம், உரிமக் கடை வழியாக:
கடைக் கட்டணம் — 30 டாலர்
எஃப்.பி.ஐ. சோதனைக் கட்டணம் — 0
கூடுதல் செலவு — 30 டாலர் (பண்ட மதிப்பில் 6 விழுக்காடு)

கலிஃபோர்னியாவில்:
கடைக்காரர் வாங்கக்கூடிய அதிகபட்சம் — 10 டாலர்
மாநில அரசுக்கு — 37.19 டாலர்
கூடுதல் செலவு — 47.19 டாலர் (9.4 விழுக்காடு)
பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாதவருக்கு மேலும் 25 டாலர். 5 ஆண்டு செல்லும்
காத்திருப்பு — 10 நாள்

இரு மாநிலங்களுக்கிடையே:
துப்பாக்கி அனுப்பும் செலவு — 50 டாலர்
பெறும் ஊரில் கடைக் கட்டணம் — 30 டாலர்
கூடுதல் செலவு — 80 டாலர் (16 விழுக்காடு)

இதை இருவரும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டால் முதல் கணக்கில் ஆளுக்கு 15 டாலர், மூன்றாவதில் 40. இந்தப் பேச்சை முதல் செய்தியிலேயே முடித்துவிடுவது நல்லது. 'கடை வழியாகத்தான், செலவு பாதிப் பாதி' என்று சொன்னதும் எதிர்த்தரப்பு காணாமல் போனால், வீணாகாமல் மிச்சமானது நம் நேரம்.

புதிதாக வாங்கும்போது விலைக்குள் மறைந்திருக்கும் ஒரு செலவு பழைய பொருள் கைமாற்றத்தில் இல்லை. நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு, கைத்துப்பாக்கிக்கு 10 விழுக்காடு என்று உற்பத்தியாளரிடம் கலால் வரி வசூலித்து, காட்டுயிர்ப் பாதுகாப்புக்காக மாநிலங்களுக்குத் தருவது 1937-இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம். மாநிலம் 25 போட்டால் மத்திய நிதி 75 தரும். மீன்பிடிக் கருவிகளுக்கு 1950 முதல் இதேபோல் 10 விழுக்காடு வரி உண்டு. ஆக, தூண்டிலும் துப்பாக்கியும் முதல் விற்பனையிலேயே காட்டுக்கும் ஆற்றுக்கும் தம் பங்கைக் கட்டிவிட்டன.

கடை மேசையில் நடப்பது

இருவரும் கடைக்குப் போகிறார்கள். பெறுபவர் 4473 என்ற படிவத்தை நிரப்புகிறார். பெயர், முகவரி, பிறந்த நாள், குடியுரிமை, பிறகு கேள்விகள். துப்பாக்கி உண்மையில் உங்களுக்குத்தானா என்பது அதில் முக்கியமானது. இன்னொருவருக்காகப் பினாமியாக வாங்குகிறவர் அங்கே பொய்க் கையெழுத்துப் போட்டாக வேண்டும். 2022-இல் வந்த சட்டப்படி பினாமி வாங்கலுக்கே தனியாக 15 ஆண்டு வரை சிறை. அந்தத் துப்பாக்கி பெருங்குற்றத்துக்கோ பயங்கரவாதத்துக்கோ போகும் என்று தெரிந்திருந்தால் 25 ஆண்டு வரை.

கடைக்காரர் விவரத்தை எஃப்.பி.ஐ.யின் நிக்ஸ் சோதனை முறைக்கோ மாநில அமைப்புக்கோ அனுப்புகிறார். 1993-இன் பிரேடி சட்டத்தால் உருவாகி 1998 நவம்பர் 30 முதல் இயங்குவது இது. 1999-இல் 91 லட்சம் சோதனைகள் நடந்தன. 2020-இல் 3 கோடியே 96 லட்சத்து 95 ஆயிரம். பழைய உரிமங்களை மறுபடி சரிபார்ப்பதும் இந்த எண்ணில் சேரும் என்பதால் இதை விற்பனை எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பதில் மூன்றில் ஒன்றாக வரும்: கொடுக்கலாம், பொறு, கொடுக்காதே. 'பொறு' என்று வந்து மூன்று வேலை நாளில் முடிவு வராவிட்டால், கூட்டாட்சி விதிப்படி கடைக்காரர் விரும்பினால் கொடுக்கலாம். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு இந்தக் காலம் 10 வேலை நாள் வரை நீளலாம்.

கயாக்கை எப்போது கொடுப்பது? பதில் 'கொடுக்கலாம்' என்று வந்த பிறகு மட்டும். துப்பாக்கியைக் கடையில் விட்டுவிட்டு உரிமையாளர் கிளம்பிப் போனால், அதைக் கடைக்காரர் தன் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும்; பேரம் முறிந்து அதை உரிமையாளருக்கே திருப்பித் தருவதானாலும் அவருக்கும் படிவம், சோதனை எல்லாம் உண்டு.

கயாக் பக்கமும் சரிபார்க்க வேண்டும். பின்முனையின் வலப்புறத்தில் 12 எழுத்தும் எண்ணும் கொண்ட படகு அடையாளம் இருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் பேரத்தை விடுங்கள். துப்பாக்கியின் தொடர் எண்ணுக்கும் அதே விதி. திருட்டுத் துப்பாக்கி என்று தெரிந்தோ, சந்தேகிக்கக் காரணம் இருந்தோ வாங்கினால் 10 ஆண்டு வரை சிறை. தோட்டாவையும் சேர்த்துத் தருகிறேன் என்றால் நேரில் தருவது நல்லது. அமெரிக்கத் தபாலில் தோட்டா அனுப்பக் கூடாது.

விசாவில் இருப்பவர் கவனிக்க

கொடுக்கக் கூடாதவர்களின் பட்டியல் சட்டத்தில் இருக்கிறது: ஓராண்டுக்கு மேல் தண்டனை தரக்கூடிய குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர், குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர், அதற்கான நீதிமன்றத் தடையாணைக்கு உட்பட்டவர், தேடப்படும் குற்றவாளி என்று அது நீள்கிறது. அந்தப் பட்டியலில் தமிழர்கள் பலர் அறியாத ஒரு வரி உண்டு. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு பெற்றவருக்கு இந்தத் தடை இல்லை.

வார இறுதியில் சுடுபயிற்சி மைதானத்துக்கு நண்பரோடு போகும் பொறியாளர், பழைய சைக்கிளைக் கொடுத்து ஒரு ரைஃபிள் வாங்கிக்கொள்வது அவருக்கு வெறும் பொழுதுபோக்காகத் தோன்றலாம். வேட்டை உரிமம் இல்லாவிட்டால் அதற்கு 15 ஆண்டு வரை சிறை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாட்டைவிட்டு வெளியேற்றவும் முடியும். கொடுத்தவர் தெரிந்தே கொடுத்திருந்தால் அவருக்கும் அதே 15 ஆண்டு. ஒரு வேட்டை உரிமத்தின் கட்டணம் பெரிய தொகை அல்ல. அது இல்லாமல் வாங்கிய துப்பாக்கிக்கு விலையாகப் போவது ஒரு குடும்பம் அந்த நாட்டில் ஊன்றிய வேர். இதை ஒவ்வொரு தமிழ்ச் சங்கமும் தன் உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விற்பவர்களைச் சோதித்த இரண்டு ஆய்வுகள்

இணையத்தில் துப்பாக்கி தருபவர்கள் எப்படிப்பட்டவர்கள்? 2011-இல் நியூயார்க் நகர நிர்வாகம் 14 மாநிலங்களைச் சேர்ந்த 125 தனி விற்பனையாளர்களுடன் பேசிப் பார்த்தது. பின்னணிச் சோதனையில் நான் தேறமாட்டேன் என்று வாங்குபவராக நடித்தவர் சொன்ன பிறகும் 77 பேர் விற்கச் சம்மதித்தார்கள். 62 விழுக்காடு.

2017-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்காக இயங்கும் ஜி.ஏ.ஓ. என்ற தணிக்கை அமைப்பு அதே கேள்வியோடு இறங்கியது. பொது இணையத்தில் 72 முயற்சிகள். 29 பேர் துப்பாக்கியை அனுப்பமாட்டோம் என்றார்கள். 27 பேர், வாங்குபவர் தடைசெய்யப்பட்டவர் என்று தெரிந்ததும் மறுத்தார்கள். 5 முறை அந்தத் தளங்களே கணக்கை முடக்கின. மீதி 11 முறை எதிரில் இருந்தவர்கள் மோசடிக்காரர்களாகத் தெரிந்தார்கள். அதில் 2 முறை பணம் போனது, துப்பாக்கியும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. கைக்கு வந்த துப்பாக்கி பூஜ்யம். ஆனால் மறைவிணையத்தில் 7 முறை முயன்றதில் 2 துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன.

இரு ஆய்வுகளின் முறையும் வேறு. முன்னதில் பேச்சளவில் சம்மதம் கேட்கப்பட்டது, பின்னதில் துப்பாக்கியை அனுப்பித் தரச் சொன்னார்கள். அதனால் ஆறு ஆண்டில் எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் மறுத்த 56 பேரை நான் மதிக்கிறேன். முகம் தெரியாத ஒருவர் பணத்தோடு நிற்கும்போது வேண்டாம் என்று சொன்னவர்கள் அவர்கள். இந்தச் சந்தையை நேர்மையாக நடத்த முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி.

தனிநபர்களிடம் வாங்கியவர்களில் எத்தனை பேர் சோதனை இல்லாமல் வாங்கினார்கள் என்பதற்கும் எண் இருக்கிறது. 2015-இல் நடத்திய கணக்கெடுப்பில், முந்தைய இரண்டு ஆண்டில் துப்பாக்கி பெற்றவர்களில் 22 விழுக்காட்டினர் சோதனை இன்றியே பெற்றிருந்தார்கள். தனிநபரிடம் வாங்கியவர்களை மட்டும் எடுத்தால் 50 விழுக்காடு. தனிநபர் விற்பனையைச் சட்டத்தால் கட்டுப்படுத்திய மாநிலங்களில் அது 26, கட்டுப்படுத்தாத மாநிலங்களில் 57. சட்டம் இருந்தால் பாதிக்கு மேல் குறைகிறது என்பதை இந்த இரண்டு எண்ணும் காட்டுகின்றன.

விஸ்கான்சினில் 500 டாலர்

2012 அக்டோபர் 18. விஸ்கான்சின் மாநிலத்தில் மனைவியைத் துன்புறுத்திய ஒருவருக்கு நீதிமன்றம் நான்கு ஆண்டு தடையாணை போட்டது. அதன்படி அவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. உரிமக் கடைக்குப் போயிருந்தால் சோதனையில் சிக்கியிருப்பார். அவர் ஆர்ம்ஸ்லிஸ்ட் என்ற இணைய விளம்பரத் தளத்தில் தேடினார். அக்டோபர் 20 அன்று ஓர் உணவகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் 500 டாலர் கொடுத்துக் கைத்துப்பாக்கி வாங்கினார். மறுநாள் புரூக்ஃபீல்டில் மனைவி வேலை பார்த்த அழகு நிலையத்துக்குள் நுழைந்து, மனைவி உட்பட மூன்று பெண்களைக் கொன்று, நால்வரைக் காயப்படுத்தி, தன்னையும் சுட்டுக்கொண்டார்.

பாதிக்கப்பட்ட குடும்பம் அந்தத் தளத்தின் மீது வழக்குத் தொடுத்தது. பிறர் போடும் விளம்பரத்துக்குத் தளம் பொறுப்பாகாது என்ற இணையச் சட்டப் பிரிவைக் காட்டி, 2019 ஏப்ரலில் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 5-க்கு 1 என்று வழக்கைத் தள்ளியது. தளம் பொறுப்பாகாது என்றால் பொறுப்பு யாரிடம் வந்து நிற்கிறது? கொடுக்கிறவர் கையில். ஈபே 1999-லும், கிரெய்க்ஸ்லிஸ்ட் 2007-லும், பேஸ்புக் 2016 ஜனவரியிலும் தனிநபர் துப்பாக்கி விற்பனைக்குக் கதவை மூடின. அதன் பிறகு மிஞ்சியது துப்பாக்கிக்கென்றே நடக்கும் தளங்களும் அங்கே பேரம் பேசுகிறவர்களின் மனசாட்சியும்.

பொழுதுபோக்கு எங்கே முடிகிறது

தன் சேகரிப்புக்காக எப்போதாவது மாற்றிக்கொள்கிறவருக்கு உரிமம் தேவையில்லை. லாபத்துக்காகத் திரும்பத் திரும்ப வாங்கி விற்கிறவருக்குத் தேவை. வில்லும் கூடாரமும் கொடுத்துத் துப்பாக்கிகளைச் சேர்த்து, அவற்றை உடனே விற்றுக் காசாக்குகிறவரை வியாபாரியாகவே சட்டம் பார்க்கும். ஜீவனத்துக்காகச் செய்தாரா என்று பார்த்த பழைய அளவுகோலை 2022 சட்டம் மாற்றி, லாபம்தான் முதன்மை நோக்கமா என்று பார்க்கச் சொல்லிவிட்டது.

வியாபாரி உரிமம், முதல் 3 ஆண்டு — 200 டாலர்
புதுப்பிக்க, அடுத்த 3 ஆண்டு — 90 டாலர்
சேகரிப்பாளர் உரிமம், 3 ஆண்டு — 30 டாலர்
உரிமமின்றி வியாபாரம் — 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம்

உரிமத்துக்கும் அபராதத்துக்கும் இடையே 1,250 மடங்கு.

வரியும் உண்டு. 900 டாலருக்கு வாங்கிய கயாக்கை 500 மதிப்புக்கு மாற்றினால் லாபம் இல்லை, வரி இல்லை. நட்டத்தைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. 50 டாலருக்கு வாங்கிய பழைய மீன்பிடிச் சக்கரம் இன்று 500 பெறும் என்றால், ரொக்கம் கைக்கு வராவிட்டாலும் 450 டாலர் லாபமாகும். அதற்கு வரிக் கணக்குக் காட்ட வேண்டும்.

சோதனையில் பிடிபடாதது

2023-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், 58 விழுக்காடு. குற்றப் பதிவேட்டில் பெயர் இல்லாத மனிதர் சோதனையில் எளிதாகத் தேறிவிடுவார். 2009-இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரே வாரத்துக்குள், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிச் சில மணி நேரத்துக்குள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு அங்குள்ள கடைக்காரர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் ஒன்றாக உட்கார்ந்து, வாடிக்கையாளரின் துயரத்தை எப்படி அடையாளம் காண்பது, எப்படி மென்மையாக மறுப்பது என்று வழிமுறை வகுத்தார்கள். துப்பாக்கியில் ஆர்வமே காட்டாமல் அவசரப்படுகிறவர், தன் பிரியமான பொருள்களையெல்லாம் அடிமாட்டு விலைக்குத் தள்ளுகிறவர் எதிரில் நின்றால், பேரத்தை நிறுத்திவிட்டு நலமா என்று கேட்பதுதான் மனித தர்மம்.

இன்னொன்று, தடம். 1986 சட்டப்படி மத்திய அரசு துப்பாக்கிப் பதிவேடு வைக்கக் கூடாது. குற்றத்தில் சிக்கிய துப்பாக்கியின் தொடர் எண்ணைக் கொண்டு முதலில் விற்ற கடையையும் முதலில் வாங்கியவரையும் கண்டுபிடிக்கலாம். அதற்குப் பின் தனிநபர்களுக்கிடையே எழுத்து இல்லாமல் கைமாறியிருந்தால் சங்கிலி அறுந்துவிடும். போலீஸ் முதலில் வந்து தட்டுவது அந்த முதல் வாங்கியவர் கதவைத்தான். 2016-இல் சிறைக் கைதிகளிடம் எடுத்த கணக்கெடுப்பில், குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்தவர்களில் 43 விழுக்காட்டினர் அதைத் தெருச் சந்தையில் பெற்றதாகவும், 25 விழுக்காட்டினர் உறவினர், நண்பர் வழியாகப் பெற்றதாகவும் சொன்னார்கள். தன் பெயரிலேயே உரிமக் கடையில் வாங்கியவர்கள் 7 விழுக்காடு. கடை மேசையில் நிரப்பிய படிவத்தை 2022 ஆகஸ்ட் முதல் கடை மூடும்வரை அழிக்கக் கூடாது. கொடுத்தவருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

நான் சொல்ல வருவது இதுதான். சட்டம் கட்டாயமாக்காத மாநிலத்திலும் கடை வழியாகவே மாற்றிக்கொள்ளுங்கள். ஆளுக்கு 15 டாலர். துப்பாக்கி மீது மெய்யான பிரியம் உள்ள வேட்டைக்காரரும் குறிசுடும் வீரரும் தோட்டாவுக்கு ஒரே பயிற்சி நாளில் அதைவிட அதிகம் செலவழிக்கிறார்கள். அந்தத் தொகையைப் பேரத்தின் மேல்செலவாக எழுதாமல் துப்பாக்கியின் விலையிலேயே சேர்த்துவிடுங்கள்: 350 டாலர் ஷாட்கனின் உண்மையான விலை 365. அதைத் தர மனமில்லாதவரிடம் கயாக்கைக் கொடுக்க வேண்டாம்.